கொச்சியில் இரண்டு நாள்: தங்கியது எங்கே, செலவு எப்படி?

குறைந்த செலவில் கொச்சி போய்வர வழி கேட்டவர்களுக்கு, போய்வந்த வாசகர்கள் சொல்கிறார்கள்.

கோவைக்காரர்:

நம்மவர்களுக்குச் சுற்றுலா என்றாலே வெள்ளி காலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவதுதான். கொச்சிக்குப் போவதானால் முதலில் அந்தக் கணக்கை மாற்றுங்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதன் பக்கத்திலேயே இருக்கும் யூதர்களின் ஆலயம் சனிக்கிழமை திறக்காது. ஊரே கூடும் நாட்களில் ஊரின் முக்கியமான இரண்டு கதவுகள் மாறி மாறிப் பூட்டியிருக்கும்; அறை வாடகை மட்டும் உச்சத்தில் இருக்கும்.

நாங்கள் ஞாயிறு மாலை போய் இறங்கினோம், செவ்வாய் கிளம்பினோம். வார இறுதிக்கு 2,000 ரூபாய் என்று சொன்ன அதே அறை 1,200 ரூபாய்க்குக் கிடைத்தது. ஏசி கிடையாது, காலை உணவு உண்டு. ஃபோர்ட் கொச்சியில் ஒரு வீட்டின் மாடி.

அந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு 'ஹோம்ஸ்டே' பலகை தொங்குகிறது. அதில் சில பெயருக்குத்தான் வீடு, உள்ளே போனால் லாட்ஜ். கேரளச் சுற்றுலாத் துறை டயமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துச் சான்று கொடுக்கிறது. நமக்குச் சில்வரே தாராளம். அதைவிட, வீட்டுக்காரர்கள் அங்கேயே குடியிருக்கிறார்களா என்று போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. எங்களுக்கு வாய்த்த அம்மச்சி புட்டையும் கடலைக்கறியையும் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். கடற்கரையில் இருக்கும் சீன மீன்பிடி வலைகளுக்கு அருகில் மீன் வாங்கி, பக்கத்துக் கடையில் கொடுத்துப் பொரித்துச் சாப்பிடப்போகிறோம் என்று என் மனைவி சொன்னதும் கையை ஆட்டினார். "மீனுக்கு ஒரு விலை, பொரிக்க ஒரு விலை. பில்லைப் பார்த்தால் தொண்டையில் இறங்காது, மோளே." இரண்டு தெரு தள்ளி மீன்குழம்புச் சாப்பாடு போடும் கடைக்கு வழி சொன்னார். இலை நிறையச் சாப்பாடு, செலவும் கையைக் கடிக்கவில்லை.

எர்ணாகுளத்திலிருந்து அரசுப் படகில் பத்து ரூபாய்க்கும் குறைவான கட்டணத்தில் இருபது நிமிடத்தில் அக்கரையில் இருக்கும் ஃபோர்ட் கொச்சி சேரலாம். உயர் நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ என்னும் புதுப் படகில் போனால் 40 ரூபாய். ஏசி, வழவழவென்ற இருக்கை எல்லாம் உண்டு. ஆனால் காற்று முகத்தில் அடிக்கும் அந்தப் பழைய படகுக்குத்தான் என் ஓட்டு.

சேலத்து ஆசிரியை:

கோவைக்காரர் சொல்வது இரண்டு இரவு தங்குகிறவர்களுக்குச் சரி. நாங்கள் போனது ஒரே இரவுக்கு, கூடவே என் மாமியார், இரண்டு பிள்ளைகள். ரயில் எர்ணாகுளம் ஜங்ஷனில் நிற்கிறது. அங்கிருந்து பெட்டியும் பிள்ளைகளுமாகப் படகுத்துறைக்குப் போய், அக்கரையில் மறுபடி ஆட்டோ பிடித்து... ஒரு ராத்திரிக்கு இந்த அலைச்சல் எதற்கு? ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடுத்தோம். அறை ரயில் நேரத்துக்கு உதவியதே தவிர வேறு சிறப்பில்லை. செயலியில் ஜன்னலோடு இருந்தது, நேரில் ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு திரைச்சீலை, விலக்கினால் சுவர். மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "காற்று வேண்டாம் என்று கட்டியிருக்கிறார்கள் போல" என்றார்.

காலையில் சீக்கிரம் வந்து சேர்கிறவர்களுக்கு ஒன்று. அறை மதியம்தான் கிடைக்கும் என்றால் அரைநாள் வாடகை கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ரயில்வே கிளோக் ரூமில் டிக்கெட்டைக் காட்டிப் பையை வைத்துவிடலாம். பூட்டில்லாத பையை வாங்கமாட்டார்கள். சிறிய பூட்டு ஒன்று கையோடு இருக்கட்டும்.

ஃபோர்ட் கொச்சியில் மாலையில் கதகளி நடக்கும் அரங்குகள் உண்டு. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ஒப்பனையைப் பார்க்க அனுமதிக்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நடிகர் மல்லாந்து படுத்திருக்க, தாடையோரம் அரிசிமாவும் காகிதமுமாக வெள்ளை வளைவு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். துறுதுறுவென்ற என் சின்னவன் மூச்சு விடாமல் நின்றான். ஆட்டம் தொடங்கியதும் தூங்கிவிட்டான், அது வேறு.

நாகர்கோவில் வாசகர்:

அரண்மனை, ஆலயம், வாஸ்கோ டகாமாவை முதலில் புதைத்த புனித பிரான்சிஸ் தேவாலயம் எல்லாவற்றையும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். 'வெளி' என்ற பகுதியின் மைதானத்துப் பக்கம் தோபிகானா என்று ஒரு சலவைக்கூடம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஃபோர்ட் கொச்சியில் தங்கினால் நடந்தே போகலாம்.

அங்கே துணி வெளுப்பவர்கள் தமிழ் வண்ணார் குடும்பத்தினர். டச்சுக்காரர்கள் காலத்தில் சிப்பாய்களின் உடைகளை வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். வரிசையாகச் சிறுசிறு தொட்டிகள், ஆளுக்கொரு துவைகல். வெளியே வெயிலில் நூறு வேட்டிகளுக்குக் குறையாமல் காய்கின்றன, ஒரு கிளிப்கூடக் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். எந்தக் காற்றுக்கும் அசையவில்லை. கஞ்சி போட்ட வேட்டியைச் சிரட்டைக் கரி இட்ட கனத்த பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிராமலே மலையாளத்தில் ஏதோ கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எந்த ஊர், தம்பி?"

"நாகர்கோவில், ஐயா."

"எங்களுக்கு எந்த ஊர் என்று எனக்கே தெரியாது. தாத்தாவும் இங்கேதான் பிறந்தார். ஆனால் வீட்டில் தமிழ்தான்."

முந்தின நாள் மழையில் நனைந்த என் இரண்டு சட்டைகளை அவரிடமே கொடுத்தேன். மறுநாள் மதியம் வாங்கிக்கொண்டபோது சட்டை தானாக நிற்கும்போல் விறைப்பாக இருந்தது. சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் அது அவர்கள் பிழைக்கும் இடம். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். ஒருவர் கையசைத்து மறுத்தார், நானும் விட்டுவிட்டேன்.

மதுரையிலிருந்து:

டிசம்பர் கடைசி வாரத்தில் போகலாமா என்று கேட்டவருக்கு: செலவைக் குறைக்க வேண்டுமானால் வேண்டாம். கார்னிவல் என்னும் ஆண்டு இறுதித் திருவிழா நடக்கும் சமயம் அது. 31ஆம் தேதி நள்ளிரவில் பாப்பாஞ்சி என்னும் பெரிய கிழவன் பொம்மையைக் கொளுத்தும்போது கால் வைக்க இடமிருக்காது, வாடகையும் இரண்டு மடங்குக்குக் குறையாது. ஜூன், ஜூலையில் மழை கொட்டும், ஆனால் அறைக்காரர்கள் நீங்கள் சொல்லும் விலைக்கு இறங்கி வருவார்கள். குடைக்குள் கொச்சி அழகுதான்.

கோவைக்காரர்:

முட்டிவலி உள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாகப் போகலாம், ஃபோர்ட் கொச்சி சமதளம்தான். மட்டாஞ்சேரிக்கு மட்டும் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த பணத்துக்கு ஊரையே சுற்றிக்காட்டுகிறேன் என்று ஒருவர் வந்தால், வழியில் இரண்டு மசாலாக் கடையும் ஒரு கைவினைக் கடையும் இருக்கும் என்று அர்த்தம், கமிஷன் அங்கே. ஏறும்போதே "கடைக்கு வேண்டாம், அரண்மனைக்கு மட்டும்" என்று சொல்லி வாடகை பேசிவிடுங்கள். யூத ஆலயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்ததும் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள்: சீனாவில் கையால் வரைந்த நீல ஓடுகள், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது என்பார்கள்.