அப்பாவின் பிப் ரிவியூ: பென்சன் வரும்வரை பேசாமல் இருப்பதா?

மலர்:
வணக்கம். நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். பக்கவாதம் வந்தபிறகு அப்பாவுக்குப் பிப் (நீண்டகால நோய், இயலாமை உள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை) கிடைக்கிறது. அன்றாட வாழ்வுக்குக் கூடிய வீதம், நடமாட்டத்துக்குச் சாதாரண வீதம். போன கிழமை ஏஆர்1 ரிவியூ படிவம் வந்தது. அவர் 1960 ஆகஸ்ட் 20 பிறந்தவர். "66 வந்தால் பென்சன், பிறகு ஒருத்தரும் கேட்க மாட்டாங்கள். மாற்றமில்லை என்று எழுதி அனுப்பு" என்கிறார் மாமா. ஆனால் ஒரு வருடமாக அப்பாவின் நடை நல்லாய்க் குறைந்துவிட்டது. அதை எழுதப் போய் இருப்பதையும் வெட்டிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம்.

செல்வம்:
தங்கச்சி, இந்த விஷயத்தில் மாமா சொல்வதைக் கேட்காதீர்கள். பென்சன் வயது வந்தாலும் பிப் நிற்காது, இரண்டும் சேர்ந்தே வரும். சிக்கல் நடமாட்டப் பகுதியில்தான். பென்சன் வயதுக்குப் பிறகு நடை மோசமானால் சாதாரண வீதத்தைக் கூட்டவே மாட்டார்கள். அன்றாட வாழ்வுப் பகுதியை அப்போதும் கூட்டலாம், இதை முடியாது. அப்பாவின் நடை இப்போதே குறைந்துவிட்டது என்றால் இப்போதே சொல்ல வேண்டும்.

இன்னொன்று, அவருக்குப் பென்சன் வயது 66 அல்ல, 66 வருடமும் 5 மாதமும். அதாவது 2027 ஜனவரி 20. நானும் என் அண்ணனுக்கு 66 என்றே நினைத்துக் கணக்குப் போட்டவன்தான்!

வாணி அக்கா:
செல்வம் சொல்வது சரி. ஆனாலும் மலர், ரிவியூ என்றால் முழுவதையும் திரும்பப் பார்ப்பார்கள், குறையவும் இடமுண்டு. அதனால் படிவத்தை வடிவாக நிரப்புங்கள். "நடக்கக் கஷ்டம்" என்று எழுதினால் அதற்குப் புள்ளி இல்லை. 20 மீட்டருக்கு மேல் நடக்க ஏலாது என்றால் 12 புள்ளி, அதுதான் கூடிய வீதம். 20க்கும் 50க்கும் இடையில் என்றால், ஊன்றுகோல் போன்ற துணை இல்லாமல் நடந்தால் 8, துணையோடு நடந்தால் 10, இரண்டுமே சாதாரண வீதம். 20 மீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டு டபிள் டெக்கர் பஸ் நீளம். ஒருதரம் எப்படியோ நடந்து முடித்தால் அது கணக்கில்லை. விழாமல், திரும்பத் திரும்ப, மற்றவர்கள் எடுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்குக்குள் நடக்க முடிகிறதா, பாதி நாளுக்கு மேல் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

மலர்:
நன்றி அக்கா. நேற்று அளந்து பார்த்தேன். வாசலிலிருந்து பக்கத்து வீட்டு குப்பைத்தொட்டி வரை 14 மீட்டர். அங்கே மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு அடங்க நாலு நிமிடம். திரும்பி வரும்போது இடது கால் இழுபட்டது. அப்பாவோ "ஒன்றுமில்லை, நடந்திட்டன்தானே" என்கிறார்.

வாணி அக்கா:
அப்பாமார் எல்லாரும் அப்படித்தான்! டாக்டர் கேட்டாலும் "பரவாயில்லை" என்பார்கள். நீங்கள் இப்போது எழுதியதை அப்படியே படிவத்தில் எழுதுங்கள், எப்போதிலிருந்து இப்படி என்பதையும் சேர்த்து. ஃபிசியோவின் கடிதம் இருந்தால் பிரதியை வையுங்கள். நேர்முகம் வந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள், நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

செல்வம்:
கடைசித் தேதிக்குள் அனுப்ப முடியாவிட்டால் போன் பண்ணி நேரம் கேளுங்கள். முடிவு பிழையாக வந்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அதிலும் சரிவராவிட்டால் தீர்ப்பாயம். பென்சன் வயதுக்குப் பிறகு பொதுவாகப் பத்து வருடத்துக்கு ஒருமுறை மேலோட்டமாகத்தான் பார்ப்பார்கள். மாமா கேள்விப்பட்டது அதைத்தான் போல, அரைகுறையாக.

மலர்:
சரி அண்ணா. ஃபிசியோவிடம் திங்கட்கிழமை கடிதம் கேட்கிறேன். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இனிப் பிரச்சினை.