கோல்டன்ஹார் குழந்தைக்குக் கழுத்து எக்ஸ்ரே எதற்கு?

குட்டிமா_அம்மா: மகளுக்கு 2 வயது. பிறவியிலேயே வலது காதும் தாடையும் சின்னது, கோல்டன்ஹார் என்ற பிறவிக் குறைபாடு என்றார்கள். காது முன்னால் இருக்கும் தோல் மருவை எடுக்கப் போனால் கழுத்து எக்ஸ்ரே கேட்கிறார்கள். காதுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

மயக்கமருந்து_டாக்டர்: இருக்கிறது. இந்தக் குழந்தைகள் பலருக்கு முதுகெலும்பிலும், முக்கியமாகக் கழுத்தில், ஒரு எலும்புக் கணு பாதிதான் வளர்ந்திருக்கும் அல்லது இரண்டு ஒட்டியிருக்கும். மயக்கம் கொடுத்துக் மூச்சுக்குக் குழாய் போடத் தலையைச் சாய்ப்போம், கழுத்து உறுதியாக இல்லையென்றால் தண்டுவடத்துக்கு ஆபத்து.

சேலம்_அக்கா: என் பையனுக்கும் இதேதான். 1 வயதுப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை (எலும்பு முழுசாக இறுகாத வயது), நாங்களும் விட்டுவிட்டோம், 5 வயதில் ஒரு தோள் ஏறி நின்றபோதுதான் ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது) என்று தெரிந்தது. இதில் சிறுநீரகம், இதயத்திலும் குறை இருக்கலாம்; சிறுநீரக ஸ்கேன், இதய எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்தாச்சா?

குட்டிமா_அம்மா: எக்கோ ஆச்சு. கிட்னி பற்றி யாரும் சொல்லவே இல்லை அக்கா, நாளைக்கே கேட்கிறேன்.