கடைக்கும் வீட்டுக்கும் நடுவே பசுமைப் பட்டை: ஆட்சேபத்தில் எதைக் கேட்பது?

கேள்வி: வீட்டை ஒட்டிக் கடை வளாகம் வருகிறது. நடுவே 3 மீட்டர் அகலப் பசுமைப் பட்டை (மறைப்புக்காகச் செடி நடும் நிலம்) போதும் என்கிறது நகராட்சியின் வரைவு அனுமதி. ஆட்சேபத்தில் என்ன எழுதலாம்?

பதில் 1: அகலத்தை மட்டும் எழுதினால் புல்லை விரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நடும்போதே செடி 1.5 மீட்டர் உயரம், இலையுதிராத இனம், இரண்டு வரிசை, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே மற்ற வரிசையின் செடி என நிபந்தனையிலேயே வரட்டும். பட்டுப்போனால் அடுத்த நடவுப் பருவத்துக்குள் மாற்றுச் செடி. அதற்குக் கடை வளாகம் கட்டுபவர் நகராட்சியிடம் வைப்புத்தொகை கட்ட வேண்டும் என்றும் கேளுங்கள். இது மிக முக்கியம்.

பதில் 2: செடி பார்வையைத்தான் மறைக்கும். இவ்வளவு குறுகிய பட்டை சத்தத்தைப் பெரிதாகக் குறைக்காது. சரக்கு இறக்கும் பக்கம் கனமான சுவர் வேண்டும். அடியில் சந்து விட்டால் ஒலி கசியும்.

பதில் 3: கட்டட வேலையில் இறுகிய மண்தான் பல செடிகளைக் கொல்கிறது. 60 செ.மீ. ஆழம் கிளறி, இடிபாடு நீக்கி, சொட்டுநீர்க் குழாய் போட்ட பிறகே நடவு. கட்டட வேலை முடிந்ததற்கான நிறைவுச் சான்றிதழைத் தரும் முன் இதை நேரில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.