‘எலிப்ஸ்’ டீலக்ஸ் பதிப்பின் இரண்டாம் வட்டு தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலேயப் பாடகியும் பாடலாசிரியருமான இமோஜென் ஹீப் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ‘எலிப்ஸ்’ என்னும் மின்னணு பாப் இசைத்தொகுப்பின் டீலக்ஸ் பதிப்பைத் தேடி வருகிறேன். அதன் இரண்டாம் வட்டில் பாடல்கள் அனைத்தும் குரல் நீக்கப்பட்ட இசைவடிவில் உள்ளன. பழைய வட்டுகள் விற்கும் ஒருவரிடமிருந்து நான் வாங்கிய உறையில் முதல் வட்டு மட்டுமே இருந்தது. அவரைக் குறை சொல்வதற்கில்லை, திறந்து பாராமல் பணம் கொடுத்தவன் நான்தான்.

லண்டனின் கிழக்கு விளிம்பில், தாம் வளர்ந்த நீள்வட்ட வடிவ வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்து, அவ்வீட்டில் எழும் அன்றாட ஓசைகளையும் தாளத்தோடு கோத்து ஹீப் உருவாக்கிய இத்தொகுப்பு, 2010இல் ஒலிப்பொறியியலுக்கான கிராமி விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது. குரலையே வாத்தியமாக அடுக்கடுக்காகப் பயன்படுத்துபவர் அவர். ஆகவே, ‘எர்த்’ போன்ற பாடலில் முதன்மைக் குரலை எடுத்துவிட்டால் பின்னணிக் குரலடுக்குகள் எஞ்சுமா, அல்லது அவையும் நீங்கிவிடுமா என்பதே என்னை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி. ஒலிக்கலவை பயிலும் எனக்கு அந்த விடை பெரிதும் பயன்படும்.

இரு வட்டுகளும் கொண்ட பதிப்பை வைத்திருப்பவர் எவரேனும் அதைக் கேட்டுச் சொன்னாலும், உரிய விலைக்குத் தர முன்வந்தாலும் மிக்க நன்றியுடையவனாவேன். நகலெடுத்த கோப்புகளை அனுப்ப வேண்டாம். அசல் வட்டே தேவை.