மரை ஏறிவிட்டால் எந்த நட்டும் போடலாமாம்!

ஸ்பேனர் சித்தன்:
டயர் மாற்றும் விவாத இழையில் கைராசி ஐயா ஒரு முத்து உதிர்த்திருக்கிறார். அப்படியே தருகிறேன்: "மரை ஏறினால் எந்த நட்டும் போடலாம். கோனா உருண்டையா என்று பார்ப்பதெல்லாம் விற்கிறவன் கட்டிவிட்ட கதை. அலாய் வீல் இளகின உலோகம், நட்டுக்கு அதுவே இடம் கொடுத்துவிடும்." இதற்கு நாலு பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். ஓடும் வண்டியில் சக்கரம் தனியாகப் போகிற விஷயம் என்பதால் தனி இழை திறக்கிறேன்.

மரை பொருந்துவது வாசற்படிதான் ஐயா. நட்டின் முகம் வீல் துளையில் எப்படி உட்காருகிறது என்பதுதான் சங்கதி. ஹோண்டா தன் வீலுக்குக் கொடுப்பது உருண்டை முகம். வெளியில் வாங்கும் அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கோன். டொயோட்டாவின் பல அலாய்களுக்குத் தட்டை வாஷர் வைத்த நட்டு. உருண்டையிலும் ஒரே ஆரம் கிடையாது: ஹோண்டாவுக்கு 12 மில்லிமீட்டர், ஃபோக்ஸ்வாகன் போல்ட்டுக்கு 13. இத்தனையும் விற்கிறவன் கட்டிய கதையா?

கைராசி:
தம்பி, என் பெயரைத் தலைப்பில் போடாததுதான் குறை. மறுபடியும் சொல்கிறேன், அலாய் இடம் கொடுக்கும். நட்டு எஃகு, வீல் அலுமினியம். இரண்டையும் சேர்த்து இறுக்கினால் எது விட்டுக்கொடுக்கும்? வாழ்நாள் முழுக்க ஸ்பேனர் பிடித்த கை இது. நான் முறுக்கிய நட்டு ஒன்றுகூடக் கழன்றதில்லை.

கணக்குப்பிள்ளை:
உணர்ச்சியை விடுங்கள், கணக்குக்கு வாருங்கள். நட்டு ஏறும் மரைக் கம்பிதான் ஸ்டட். எம்12, அதாவது 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் நட்டை 110 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் உள்ளே வரும் இழுவிசை ஏறக்குறைய 45 கிலோநியூட்டன், அதாவது நாலரை டன். அந்த அழுத்தத்தில் வீலுக்கும் அது உட்காரும் ஹப்புக்கும் நடுவே வரும் உராய்வுதான் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த இழுவிசையில் ஸ்டட் எவ்வளவு நீளும் தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நட்டு உட்காரும் இடம் அதில் பாதி அளவு நசுங்கினாலே பிடிப்பில் பாதி போய்விடும். கைராசி சொல்கிற "இடம் கொடுப்பது" இதுதான்.

கைராசி:
அப்படியானால் அலாய் மாட்டி 50, 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி முறுக்கிப் பார் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே, அது எதற்கு? இடம் கொடுப்பதால்தானே! உங்கள் புத்தகமே என் பக்கம் பேசுகிறது. நன்றி கணக்குப்பிள்ளை.

ஸ்பேனர் சித்தன்:
அது பெயிண்ட்டும் தூசியும் அமுங்குவதற்கு ஐயா. சரியான முகம் உட்கார்ந்திருந்தால் ஒருமுறை அமுங்கி அதோடு நிற்கும். தப்பான முகம் ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கோடு ஓட்ட ஓட்ட நசுங்கிக்கொண்டே போகும். இரண்டும் ஒன்றா?

வழிப்போக்கன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் வண்டி ஹோண்டா. வெளியில் அலாய் வாங்கி மாட்டினேன். கம்பெனி நட்டையே கொஞ்சம் கிரீஸ் தடவிப் போட்டிருக்கிறேன். இந்த இழையைப் பார்த்துப் பயந்துபோய் ஒன்றைக் கழற்றினேன், படம் இணைத்திருக்கிறேன். துளையின் சரிவில் மெல்லிய பளபளப்பு வளையம் ஒன்று, நூல் சுற்றிய மாதிரி. அதற்கு மேலும் கீழும் கருப்புத் தூசி அப்படியே இருக்கிறது. நட்டைத் துடைத்த துணியில் சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டியது. இது சரியா, தப்பா?

கைராசி:
பார்த்தீர்களா! வளையம் விழுந்திருக்கிறது. அலாய் இடம் கொடுத்துவிட்டது. நான் சொன்னது அதேதான்.

ஸ்பேனர் சித்தன்:
பார்த்தீர்களா! நூல் அகலம் வளையம். அவ்வளவுதான் தொட்டிருக்கிறது. கோன் துளையில் உருண்டை நட்டு வேறு எப்படித் தொடும்? சரியான நட்டாக இருந்தால் சரிவு முழுக்கப் பளபளவென்று தேய்ந்திருக்கும், தூசி தங்க இடமே இருக்காது. அந்தச் சாம்பல் பொடி அலுமினியம் ஐயா, திருநீறு இல்லை. நான் சொன்னது அதேதான்.

நான்காவது கியர்:
ஒரே படத்தை வைத்து இரண்டு பேரும் ஜெயித்துவிட்டீர்கள், வாழ்த்துகள். ஆனால் அந்த கிரீஸை ஏன் யாருமே கேட்கவில்லை?

கணக்குப்பிள்ளை:
கேட்கத்தான் வந்தேன். கொடுத்திருக்கும் முறுக்கு அளவு காய்ந்த மரைக்கு. அந்த முறுக்கில் பெரும்பகுதியை உராய்வு தின்றுவிடும், பத்தில் ஒரு பங்கு போலத்தான் இழுவிசையாக மாறும். கிரீஸ் போட்டால் உராய்வு குறையும், அதே 110-இல் இழுவிசை ஒன்றரை மடங்குவரை ஏறலாம். 10.9 என்ற உறுதியான எஃகுத் தர ஸ்டட்டே தன் எல்லையைத் தொட்டுவிடும். தரம் குறைந்தது என்றால் நீண்டே போகும்.

கைராசி:
கிரீஸ் போடாமல் துரு ஏறி நட்டு இறுகிப்போனால் நள்ளிரவில் நடுரோட்டில் கணக்குப்பிள்ளை வந்து கழற்றித் தருவாரா? நான் எப்போதும் துளி கிரீஸ் வைப்பேன். ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஓர் அழுத்து அழுத்துவேன். ஒன்றுகூடக் கழன்றதில்லை.

கணக்குப்பிள்ளை:
70 கிலோ ஆள் 30 சென்டிமீட்டர் ஸ்பேனர் நுனியில் ஏறி நின்றால் 206 நியூட்டன் மீட்டர். ஹோண்டா கேட்பது 108. அதற்கு மேல் கிரீஸ் வேறு. கழன்றிருக்காது, உண்மைதான். ஸ்டட் எத்தனை அறுந்தது என்று சொல்லுங்கள்.

கைராசி:
என் எடை 60.

கணக்குப்பிள்ளை:
176.

நான்காவது கியர்:
ஐயா இன்னும் பத்து கிலோ குறைத்தாலும் பாஸ் ஆகமாட்டார் போல.

ஸ்பேனர் சித்தன்:
மரை ஏறினால் போதும் என்கிறாரே, மரையையாவது ஒழுங்காகப் பார்ப்பாரா? டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் வண்டிகளில் பெரும்பாலும் எம்12, மரைக்கு மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். நிசான், சுசுகி, சுபாரு பெரும்பாலும் அதே எம்12, ஆனால் 1.25. 1.25 நட்டை 1.5 ஸ்டட்டில் வைத்தால் கையாலேயே ஒன்றிரண்டு சுற்று போகும், அப்புறம் முரண்டு பிடிக்கும். அங்கே நிறுத்துபவன் மெக்கானிக். அங்கேதான் இம்பாக்ட் கன்னை, அதாவது அடித்து முறுக்கும் மெஷினை, எடுக்கிறவரும் இருக்கிறார். கன்னுக்கு எல்லா மரையும் ஏறும், அடுத்த நொடி நட்டிலும் மரை இருக்காது, ஸ்டட்டிலும் இருக்காது. எந்த நட்டும் கையால் கடைசிவரை போகவேண்டும். எம்12க்கு 1.5 என்றால் முழுதாக எட்டுச் சுற்றாவது பிடிக்கவேண்டும். வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தகடு போட்டவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். ஸ்டட், நட்டு இல்லாமல் போல்ட்டையே ஹப்பில் முறுக்கும் வண்டி என்றால் ஸ்பேசர் எத்தனை மில்லிமீட்டரோ போல்ட்டும் அத்தனை கூடவேண்டும். தேவைக்கு மேல் நீண்டால் உள்ளே பிரேக் டிரம்மில் போய் இடிக்கும். இதையெல்லாம் சொன்னால் நான் புத்தகப் புழு.

கைராசி:
கன் என்று நான் எங்கே சொன்னேன்? சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது இவருக்கு வாடிக்கை. டயரில் நைட்ரஜன் அடிக்கும் இழையில் இதையேதான் செய்தார். அப்போதும் நான் பொறுத்துப் போனேன். மரை கழன்றது நட்டுக்கு இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்பேனர் சித்தன்:
நைட்ரஜன் அடித்தால் டயர் தேயவே தேயாது என்றவர் நீங்கள்தான் ஐயா. அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. எடுத்து ஒட்டட்டுமா?

கைராசி:
தேய்மானம் குறையும் என்றேன். "தேயவே தேயாது" என்று ஒட்டும் பார்ப்போம்.

ஸ்டெப்னி:
சண்டைக்கு நடுவில் ஒரு தகவல். பழைய கிறைஸ்லர் கார்களில் இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை ஸ்டட். வழக்கமான திசையில் கழற்றப் போனால் இன்னும் இறுகும். அது தெரியாமல் ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம். சக்கரம் சுழலும் திசைக்கும் நட்டு தளர்வதற்கும் தொடர்பு இருக்கிறதா என்பதையும் யாராவது விவாதிக்கலாம்.

நான்காவது கியர்:
வேண்டாம் ஸ்டெப்னி, கெஞ்சிக் கேட்கிறேன்.

வழிப்போக்கன்:
ஐயா, கோன் நட்டு வாங்கினால் என் ஸ்டெப்னிக்கும் அதையே போடலாமா? அது கம்பெனி இரும்பு வீல்.

ஸ்டெப்னி:
என்னைக் கூப்பிட்டீர்களா?

ஸ்பேனர் சித்தன்:
ஸ்டெப்னி துளையின் முகத்தைப் பார்க்காமல் சொல்லமாட்டேன். அது கம்பெனி நட்டுக்கென்று வந்த வீல், அதனால் பழைய நட்டுகளை டிக்கியில் போட்டு வையுங்கள். புது அலாய்க்கு 60 டிகிரி கோன், எம்12, 1.5, மரையைத் துடைத்துக் காயவைத்து 108, ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில் முறுக்குங்கள். கைராசி ஐயாவைக் கேட்டால் அலாய் இடம் கொடுக்கும் என்பார்.

கைராசி:
கொடுக்கும். படத்திலேயே கொடுத்திருக்கிறது. கண்ணாடி போட்டுப் பாரும்.

ஸ்பேனர் சித்தன்:
நூல் அகலம்!

கைராசி:
நூலோ கயிறோ, வளையம் விழுந்ததா இல்லையா? விழுந்தது. சக்கரம் கழன்றதா? இல்லை. இன்னும் என்ன வேண்டும் உமக்கு? அப்புறம் அந்த நைட்ரஜன் இழையை எடுத்து ஒட்டுகிறேன் என்றீரே, எங்கே?

ஸ்பேனர் சித்தன்:
தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் உம் பதிவைத் திருத்திவிடாதீர்.