சீட்டில் எழுதிக் கொடுத்த ஸ்டாட்டிக் ஐபியை ரவுட்டரில் எங்கே போடுவது?

கீழக்கரைக்காரன்:

எங்கள் தெருவில் ஃபைபர் வீட்டுக்குள் வரவில்லை. தெருமுனைப் பெட்டியில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சிலிருந்து மொட்டைமாடி வழியாக ஒரு லேன் வயரை மட்டும் கேபிள்காரர்கள் இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள். யூசர்நேம், பாஸ்வேர்டு கிடையாது. துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

ஐபி 192.168.1.38
மாஸ்க் 255.255.255.0
கேட்வே 192.168.1.1
டிஎன்எஸ் 8.8.8.8, 1.1.1.1

லேப்டாப்பில் இதை அடித்து வயரை நேராகச் செருகினால் நெட் வருகிறது. நடுவில் ரவுட்டர் வைத்தால் வைஃபை பிடிக்கிறது, "இன்டர்நெட் இல்லை" என்கிறது. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறப்பதும் அதே 192.168.1.1-இல்தான். வேன் (WAN, வெளி இணைப்பு) பக்கத்தில் சீட்டில் உள்ளதை அடித்துச் சேமித்தால் சப்நெட் தப்பு என்று சிவப்பில் காட்டுகிறது. சரி என்று வயரை லேன் போர்ட்டில் செருகி வைத்திருக்கிறேன், அதிலும் வரவில்லை. போன் நாலு, டிவி, பிரின்டர், கேமரா ரெக்கார்டர் (டிவிஆர்) எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஸ்டாட்டிக் ஐபி (மாறாத முகவரி) போட வேண்டுமா? டிவிஆரை துபாயிலிருந்து பார்க்க வேண்டும்.

மண்டபம்கேம்ப்:

முதல் வேலையா அந்த வயரை லேன் போர்ட்டிலிருந்து உருவுங்க காக்கா. உங்க ரவுட்டரும் 192.168.1.1, தெரு கேட்வேயும் (நெட்டுக்குப் போற வாசல்) 192.168.1.1. லேன் போர்ட்டில் செருகினா ரெண்டும் ஒரே சுவிட்சில் உட்கார்ந்து "நான்தான் 1.1"னு பதில் சொல்லும். அக்கம்பக்கத்து வீட்டு நெட்டெல்லாம் விட்டு விட்டு வரும். உங்க ரவுட்டரோட டிஎச்சிபியும் (தானா ஐபி கொடுக்கிற வசதி) அந்தப் பக்கம் ஐபி பங்கு வைக்க ஆரம்பிச்சிரும். கேபிள்காரர் வீடு வீடா ஏறி இறங்கி கடைசியில் உங்க கதவைத்தான் தட்டுவார்.

கரைவலை:

சிவப்புப் பிழைக்குக் காரணமும் அதேதான். ரவுட்டருக்கு ரெண்டு பக்கம். தெருவைப் பார்த்த பக்கம் வேன், வீட்டைப் பார்த்த பக்கம் லேன். மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருப்பதெல்லாம் ஒரே நெட்வொர்க். உங்களுக்கு வெளியிலும் 192.168.1, உள்ளேயும் 192.168.1. ஒரு டேட்டா பாக்கெட்டை எந்தப் பக்கம் தள்ளுவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. உங்களுடையது நல்ல ரவுட்டர், பிழை என்று சொல்கிறது. சிலது வாயே திறக்காமல் சேமித்துக்கொண்டு நெட் மட்டும் தராது.

தெருப் பக்கத்தை நீங்கள் மாற்ற முடியாது, வீட்டுப் பக்கத்தை மாற்றுங்கள். வேன் போர்ட்டில் எதுவும் செருகாமல் ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள் (பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு 10 வினாடி அழுத்தினால் பெரும்பாலும் போதும்). லேப்டாப்பின் லேன் கார்டில் நீங்கள் அடித்து வைத்திருக்கும் 192.168.1.38-ஐ எடுத்துவிட்டு "தானாகப் பெறு" என்று வையுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். அப்படியே விட்டால் போனெல்லாம் ஓடும், லேப்டாப் மட்டும் ஓடாது, பழி ரவுட்டர் மேல் விழும்.

அப்புறம் லேப்டாப்பை லேன் போர்ட்டில் இணைத்து, லேன் பக்கத்தில் ரவுட்டரின் முகவரியை 192.168.50.1 என்று மாற்றுங்கள், மாஸ்க் அதேதான். சேமித்ததும் பக்கம் அந்தரத்தில் நிற்கும். அது ரவுட்டர் இடம் மாறியதால், பயப்பட வேண்டாம். லேப்டாப் வயரைக் கழற்றிச் செருகி 192.168.50.1-இல் திரும்ப நுழையுங்கள். டிஎச்சிபி வரம்பு 192.168.50.100 முதல் 199 வரை இருக்கட்டும்.

இதற்குப் பிறகுதான் வேன். இணைப்பு வகையை ஸ்டாட்டிக் ஐபி என்று தேர்ந்தெடுத்து, சீட்டில் இருப்பதை ஓர் எண் பிசகாமல் அடியுங்கள். எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500 இருக்கட்டும். 1492 என்பது யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் பிபிபிஓஇ இணைப்புக்கு உரியது. இப்போது தெரு வயரை வேன் போர்ட்டில் செருகலாம். தனி நிறத்திலோ மற்றதிலிருந்து கொஞ்சம் தள்ளியோ இருக்கும்.

வீட்டுச் சாமான்களுக்கு ஸ்டாட்டிக் தேவையில்லை. சீட்டில் இருக்கும் முகவரி ஒரே ஒரு இடத்துக்கு, அதாவது வேனுக்கு. போன், டிவி எல்லாம் டிஎச்சிபியில் கிடக்கட்டும். பிரின்டர், டிவிஆர் ரெண்டுக்கு மட்டும் அட்ரஸ் ரிசர்வேஷன் பக்கத்தில் மேக் அட்ரஸை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கொடுத்து முகவரியைக் கட்டிப்போடுங்கள். டிவிஆருக்குள்ளேயே கையால் அடிப்பதானால் 100-க்குக் கீழே, 192.168.50.20 மாதிரி ஒன்று. வரம்புக்குள் இருக்கும் எண்ணைக் கையால் அடித்தால் என்றைக்காவது ஒரு நாள் ஏதாவது போன் அதே எண்ணை வாங்கிக்கொண்டு இரண்டும் முட்டிக்கொள்ளும்.

துபாய் விஷயம்: ஸ்டாட்டிக் வேறு, பப்ளிக் வேறு. 10-இல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குவது எல்லாம் தனியார் முகவரிகள், வெளியுலகத்திலிருந்து யாரும் அவற்றைத் தட்ட முடியாது. 100.64 முதல் 100.127 வரை தந்தாலும் அதே கதைதான். உங்கள் ரவுட்டரில் எவ்வளவு போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்புவது) போட்டாலும் பயன் இல்லை. டிவிஆர் கம்பெனியின் ஆப்பில் சீரியல் எண்ணைக் கொடுத்து கிளவுட் வழியாகப் பாருங்கள். இல்லையென்றால் பப்ளிக் ஐபி தனியாகக் கேட்டுப் பணம் கட்ட வேண்டும்.

கீழக்கரைக்காரன்:

பிழை போய்விட்டது, சேமித்துக்கொண்டது. ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் 192.168.1.38, கேட்வே 192.168.1.1, லிங்க் 100 எம்பிபிஎஸ். நெட் இன்னும் வரவில்லை. ரவுட்டருக்குள் இருக்கும் டயக்னாஸ்டிக் பக்கத்திலிருந்து 192.168.1.1-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்தேன். அனுப்பியது 4, வந்தது 0.

மண்டபம்கேம்ப்:

நல்ல இடத்தில் பிங் அடிச்சிருக்கீங்க. கேட்வே பதில் சொல்லி 8.8.8.8 சொல்லலேன்னா கோளாறு அவங்க பக்கம். 8.8.8.8-ம் சொல்லி வெப்சைட் மட்டும் திறக்கலேன்னா, பெயரை ஐபியா மாத்துற டிஎன்எஸ்ல கோளாறு. உங்களுக்கு கேட்வேயே பேசல. அதே வயர்ல லேப்டாப் ஓடுதுன்னா, மேக் பைண்டிங்தான். முதல்ல செருகின லேப்டாப்போட மேக்கை 1.38-ஓட முடிச்சுப் போட்டிருப்பாங்க.

வேன் பக்கத்துல மேக் குளோன் இருக்கும். "இந்தக் கம்ப்யூட்டரின் மேக்"னு ஒரு பட்டன். அதை வைஃபையில் இருந்துகிட்டு அழுத்தாதீங்க! வைஃபை கார்டுக்கு ஒரு மேக், லேன் போர்ட்டுக்கு வேற மேக். நீங்க எது வழியா உள்ள வந்திருக்கீங்களோ அதைத்தான் காப்பி பண்ணும். லேப்டாப்பை வயர்ல லேன் போர்ட்டில் இணைச்சுட்டு அழுத்துங்க. அன்னிக்கு யுஎஸ்பி லேன் அடாப்டர் வச்சு செருகியிருந்தா மேக் அந்த அடாப்டரோடது, அதையே மாட்டிக்கிட்டு செய்யணும். சேமிச்சு ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க.

கரைவலை:

குளோன் அவசரத்துக்கு. ரவுட்டரின் சொந்த மேக்கையே பதியச் சொல்லிக் கேட்பதுதான் நிரந்தரம், இல்லாவிட்டால் அடுத்த ரீசெட்டில் இதே கூத்து. அப்போது அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துச் சொல்லாதீர்கள். பல ரவுட்டர்களில் அது லேன் மேக், வேன் மேக் கடைசி எழுத்தில் ஒன்று தள்ளி இருக்கும். ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் என்று போட்டிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள்.

பைண்டிங்கே இல்லாமலும் இப்படி ஆகும். லேப்டாப்பைக் கழற்றி ரவுட்டரை மாட்டியபோது கேட்வேயின் ஏஆர்பி பட்டியலில் (எந்த ஐபி எந்த மேக்குக்கு என்ற குறிப்பு) 1.38-க்குப் பழைய மேக் ஒட்டிக்கொண்டிருக்கும். சிஸ்கோ ரவுட்டரில் அதன் ஆயுள் இயல்பாகவே 4 மணி நேரம். அவர்களை அழிக்கச் சொன்னால் உடனே சரியாகும்.

கீழக்கரைக்காரன்:

லேன் வயரில் இருந்து குளோன் செய்ததும் நாலுக்கு நாலு வந்தது. போன், டிவி, லேப்டாப் எல்லாம் ஓடுகிறது. வேன் மேக்கை எழுதி அனுப்பிவிட்டேன். இன்னொன்று: வேன் விளக்கு அவ்வப்போது அணைந்து எரிகிறது. வயரை லேசாக அசைத்தால் லிங்க் 10-க்கு இறங்கி மறுபடி 100 ஆகிறது.

உப்பங்காத்து:

அது செட்டிங்ஸ் சமாச்சாரம் இல்லை. கனெக்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். எட்டு உலோகப் பல்லில் பச்சைக் களிம்பு தெரிந்தால் உப்புக்காற்று வேலையைக் காட்டிவிட்டது. துடைத்துப் பிரயோஜனம் இல்லை, இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புது ஆர்ஜே45 கனெக்டர் போடுங்கள். வெட்டிய துண்டில் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர். கடலோரத்தில் அது கிரிம்ப் செய்த (கனெக்டரில் அழுத்திப் பொருத்திய) இடத்திலேயே பொடிந்து உதிரும், புதுக் கனெக்டரும் அதிக நாள் நிற்காது. முழுச் செம்பு, வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை போட்ட கேட்6 லேன் வயர் கேட்டு வாங்குங்கள். சுவிட்சிலிருந்து ரவுட்டர் வரை 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

வரிசை, கொக்கி கீழே இருக்க இடமிருந்து: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும். அந்த நாலு கம்பியில் ஒன்று ஆடினாலே நீங்கள் சொல்கிற மாதிரி ஏறி இறங்கும்.

சுவரில் நுழையும் இடத்தில் வயரை நேராக இழுக்காமல் ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மடக்கி மேலேற்றுங்கள். மழைத்தண்ணீர் மடக்கின் அடியில் சொட்டிவிடும், வயரோடு உள்ளே வழிந்து ரவுட்டருக்குள் போகாது. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் வேன் வயரை விட்டுவிடுகிறார்கள். மொட்டைமாடியில் நீளமாகக் கிடக்கும் செம்பு அதுதான், அதையும் கழற்றி வையுங்கள். வீட்டுக்குள் ஃபைபர் தருகிறோம் என்று எப்போது சொன்னாலும் மாறிக்கொள்ளுங்கள், கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது. அப்போதும் சீட்டில் இதே எண்களைத் தந்தால் வேன் பக்கத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.