கடைசி நேரத்துச் சாட்சி: த்ரில்லா, ஏமாற்று வேலையா?

நூல்புழு:
அமெரிக்கக் கோர்ட்டை வைத்து எழுதுற த்ரில்லர்ல, அரசுத் தரப்பு ஒளிச்சு வெச்ச, யாருமே கேள்விப்படாத சாட்சி கடைசி நாள்ல கதவைத் தள்ளிக்கிட்டு வந்தா புத்தகத்தை மூடிடத் தோணுது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தோட 1963 பிரேடி எதிர் மேரிலாண்ட் தீர்ப்புப்படி, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரத்தை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது. அப்படியொரு விதி இருக்குன்னே கதைக்குத் தெரியலைன்னா எப்படி?

முகமூடி:
விதியை மீறுறதுதானே சார் கதையே! எல்லாரும் ஒழுங்கா ஃபைலைக் கொடுத்துட்டா 400 பக்கம் எதுக்கு?

நூல்புழு:
மீறட்டும், விளைவைக் காட்டணும். ஜூரியை (குற்றவாளியா இல்லையான்னு முடிவு சொல்ற பொதுமக்கள் குழு) வெளியே அனுப்பிட்டு நீதிபதி முன்னாடி ரெண்டு தரப்பும் மல்லுக்கு நிக்கணும். சாட்சியை அனுமதிப்பாரா, தள்ளி வைப்பாரா, விசாரணையே செல்லாதுன்னு கலைப்பாரா? அந்த அஞ்சு பக்கத்தைத் தாண்டிக் குதிக்கிறதுதான் ஏமாற்று.

குறுக்கு விசாரணையும் அப்படித்தான். "தெருவிளக்கு எரியலை, சரியா?" "ஆமா." "நீங்க நின்னது 60 அடி தள்ளி?" "ஆமா." வக்கீல் இங்கே உட்காரணும். "அப்புறம் எப்படி அவர்தான்னு சொல்றீங்க?"ன்னு வாயை விட்டா, "காலைச் சாய்ச்சு நடக்கிறதை வெச்சு"ன்னு பதில் வரும். கேஸ் காலி. கேட்டுடுவாரோன்னு பதற வைக்க எந்தத் திடீர் சாட்சியும் வேண்டாம்.

முகமூடி:
இந்தக் குறுக்கு விசாரணை சங்கதியை ஒத்துக்கிறேன். ஆனா விதியை விளக்க ஆரம்பிச்சாலே வேகம் செத்துடும்.

தராசு:
நடுவுல ஒண்ணு. ஜூரியில ஒருத்தர் முரண்டு பிடிச்சா தீர்ப்பு வராதுன்னு எல்லாக் கதையிலயும் எழுதுறாங்க. 1980-கள்ல லூசியானாவுல 12 பேர்ல 10 பேர் சொன்னாலே போதும், ஆள் உள்ளே. அதே உச்ச நீதிமன்றத்தோட 2020 ராமோஸ் தீர்ப்புதான் தீவிரக் குற்றங்களுக்கு எல்லா மாநிலத்துலயும் ஒருமித்த முடிவைக் கட்டாயமாக்குச்சு.

முகமூடி:
பாதிதான் சொல்றீங்க. மரண தண்டனை வழக்குன்னா அப்பவே அங்கே 12 பேரும் ஒத்துப்போகணும். அது போகட்டும், இதை எந்த வாசகர் சரிபார்க்கப் போறார்?

நூல்புழு:
சரிபார்க்க வேண்டாம். 1980-கள் லூசியானாவுல நடக்கிற, மரண தண்டனை இல்லாத வழக்குன்னே வெச்சுக்குங்க. பத்துப் பேர் போதும்ங்கிறதை முதல் அத்தியாயத்துல ஒரே வரியில போட்டுடுங்க. ஜூரி அறையில ரெண்டு பேர் 'குற்றவாளி இல்லை'ன்னு அசையாம நிக்கிறாங்க, ஆளைக் காப்பாத்த அப்பவும் பத்தலை. மூணாவது கை எப்போ எழும்பும்?

முகமூடி:
சரி, இதை யாராவது எழுதினா லிங்க் போடுங்க.